பழைய பங்க் நிலத்தைச் சுத்தம் செய்து தருகிறோம் என்று வருகிறார்களா? ரூ.4,85,000 போன கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வெட்கம் வந்துவிடும், அப்புறம் எழுத மாட்டேன். இந்த மாதிரி நிலம் வைத்திருப்பவர்கள் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

திண்டிவனம் பக்கம் பழைய ரோட்டுமேல் எங்களுக்குப் பதினெட்டு சென்ட். அப்பா காலத்தில் பெட்ரோல் பங்குக்குக் குத்தகைக்கு விட்டது. பைபாஸ் வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. டாங்குகளைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு, குழியை மூடி இடத்தை ஒப்படைத்தார்கள். மண்ணைச் சோதித்தீர்களா என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. போன ஜூனில் வீடு கட்டக் கடைக்கால் தோண்டினால், மண் கருநீலம். குப்பென்று வாடை. மேஸ்திரி கடப்பாரையைப் போட்டுவிட்டு, "சார், இங்க பீடி பத்தவைக்கவே பயமா இருக்கு" என்றார்.

வீட்டு வேலைகளுக்கு ஆள் பிடித்துத் தருகிற ஒரு செயலியில் தேடினேன். 'மண், நிலத்தடி நீர் சுத்திகரிப்பு' என்று ஒருவன் இருந்தான். ஐந்துக்கு 4.8 நட்சத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குழியில் இறங்கிக் குந்தினான். அம்மாவிடம் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கேட்டான். ஒரு பிடி மண்ணைப் போட்டு விரலால் கலக்கி, வெயிலில் சாய்த்துக் காட்டினான். மேலே வானவில் மாதிரி படலம். "பாத்தீங்களாம்மா, இதான் விஷம்." அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் பையிலிருந்து ஒரு மஞ்சள் கருவியை எடுத்துக் குழிக்குள் நீட்டினான். அது கீச்கீச்சென்று கத்தியது. "பேரப் புள்ளைங்க விளையாடப் போற இடம்மா. என் வீடு மாதிரி பாத்துச் செய்யறேன்."

அந்த 'என் வீடு மாதிரி'க்குத்தான் அன்று மத்தியானமே மூன்று லட்சம் முன்பணம் அனுப்பினேன். பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி ஏறும் என்றான். சரி, வேண்டாம் என்றேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு! இத்தனைக்கும் அந்த டம்ளர் சோதனை பொய்யில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

வேலை இரண்டே நாள். ஜேசிபி வைத்து மூன்றடி ஆழம் சுரண்டி நாலு டிப்பர் மண்ணை எடுத்தான். "எண்ணெய் திங்கிற பாக்டீரியா" என்று இரண்டு மூட்டைத் தூளைத் தூவினான். எனக்குத் தவிட்டு வாசனைதான் வந்தது. மேலே செம்மண் கொட்டி ரோலர் ஓட்டினான். மஞ்சள் கருவியை இந்த முறை இடுப்பு உயரத்தில், காற்றோட்டத்தில் நீட்டினான். சத்தமே இல்லை. கிணற்றுத் தண்ணீரைப் பழைய குடிநீர் பாட்டிலில் பிடித்துப் போய், நாலாம் நாள் லேப் ரிப்போர்ட் அனுப்பினான். பிஹெச், டிடிஎஸ், கடினத்தன்மை, இரும்பு, எல்லாம் 'வரம்புக்குள்'. மீதி 1,85,000 அனுப்பினேன். "வேலை முடிஞ்சுதுன்னு ஒரு ஓடிபி வரும் அண்ணே" என்றான். அதையும் சொன்னேன்.

ஐப்பசி மழை பிடித்த மூன்றாம் நாள், பக்கத்து வீட்டு அக்காவின் மாடு தொட்டித் தண்ணீரை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எங்கள் கிணற்றில் எட்டிப் பார்த்தேன். அதே வானவில்.

என் மச்சான் கல்லூரியில் சுற்றுச்சூழல் பொறியியல் எடுக்கிறான். ரிப்போர்ட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "மாமா, இதுல பென்சீன் எங்க? டொலுயீன், சைலீன் எங்க? பெட்ரோலைத் தவிர எல்லாத்தையும் பாத்திருக்கான்." பென்சீன் ரத்தப் புற்றுநோய் வரவைக்கிற சரக்கு. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஆவியாகிப் போய்விடும் என்பதால், கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழ்கூட இல்லாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் கொண்டுபோக வேண்டுமாம். இவன் அரை பாட்டில் பிடித்து பைக் முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு போனான்.

பங்க் டாங்கின் அடிப்பக்கம் பத்தடிக்கும் கீழே இருக்கும். கசிந்தது அங்கே, இவன் சுரண்டியது மூன்றடி. பெட்ரோல் தண்ணீரைவிட லேசு, நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். கோடையில் நீர் இறங்கினால் கூடவே இறங்கி மண்ணில் ஒட்டிக்கொள்ளும், மழையில் நீர் ஏறினால் கூடவே ஏறி வரும். எண்ணெய் தின்னும் பாக்டீரியா நிஜமாகவே உண்டு, டெல்லியில் டெரி என்கிற ஆராய்ச்சி நிறுவனம் 'ஆயில்சாப்பர்' என்று ஒன்றை உருவாக்கியிருக்கிறது. ஆனால் அதற்குக் காற்றும் ஈரமும் மாதக்கணக்கில் நேரமும் வேண்டும். செம்மண்ணைப் போட்டு ரோலர் ஓட்டினால் எங்கிருந்து மூச்சு விடும்? 2013-ல் தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் குழாய் கசிந்து வீட்டுக் கிணறுகளில் எண்ணெய் வந்தது பேப்பரில் படித்தவன்தான் நான். பசுமைத் தீர்ப்பாயம் வரை போயும் அந்த வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. நான் இரண்டு நாளில் சுத்தம் என்றவனுக்கு ரூ.4,85,000 கொடுத்திருக்கிறேன்.

போன் செய்தால் முதலில் "சைட்ல இருக்கேன் அண்ணே". அப்புறம் "மழை முடியட்டும் அண்ணே". அப்புறம் நீல டிக் மட்டும். இப்போது படமும் காணோம், பிளாக். செயலிக்காரர்களிடம் பதினோரு தடவை பேசிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் புதுப் பெண், ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கதை. கடைசியில் வந்த பதில்: "வேலை திருப்தியாக முடிந்ததாக நீங்களே ஓடிபி கொடுத்திருக்கிறீர்கள் சார்." ஸ்டேஷனில் பில் கேட்டார்கள். எங்கே போவேன் பில்லுக்கு? மனு ரசீது மட்டும் கையில் இருக்கிறது. ரூ.4,85,000-க்கு ஒரு துண்டுக் காகிதம்.

அந்த மஞ்சள் கருவியைப் போன வாரம் ஒரு ஓட்டல் சமையலறையில் பார்த்தேன். சிலிண்டர் கசிவு பார்க்கிற பெட்டி.

நாலு டிப்பர் மண் எங்கே போனது தெரியுமா? எங்கள் ஊர் ஏரிக்கரையில் கிடக்கிறது. இந்த மாதிரிக் கழிவைப் புதைப்பதற்கென்றே கும்மிடிப்பூண்டியில் இடம் இருக்கிறது. விஏஓ வந்து "உங்க மண்தானே?" என்று என்னைக் கேட்டுவிட்டுப் போனார்.

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேன். குத்தகை நிலத்தைத் திரும்ப வாங்கும்போது மண், தண்ணீர் சோதனை இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ரிப்போர்ட்டில் பென்சீன் என்ற வார்த்தை இல்லையென்றால் கிழித்துப் போடுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்க மூன்று இடத்திலாவது துளை போடாமல் விலை சொல்கிறவனை வாசலோடு அனுப்புங்கள். பில் வாங்குங்கள். ஓடிபி சொல்லாதீர்கள், சொல்லவே சொல்லாதீர்கள். இன்னும் இருக்கிறது, ஆனால் தண்ணீர் லாரி வந்துவிட்டது. அக்கா வீட்டுக்கும் சேர்த்து நான்தான் காசு கொடுக்கிறேன், குடம் பிடிக்கப் போக வேண்டும்.