தரையை ஏற்றுவதா, மாலா போடுவதா, பத்லாபூர் போவதா?

மே மாதம் பிறந்தால், மழைக்கு முன்னால், மும்பையின் மித்தி ஆற்றோரச் சந்துகளில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். போன வருஷம் வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்கள் மேஸ்திரியைக் கூப்பிட்டு விலை கேட்பார்கள். 2005க்கு முன்பிருந்தே தாராவியில் இருக்கிறேன். வாசலில் தடுப்பு, தரையை ஏற்றுவது, மாலா என்கிற பரண், பத்லாபூர் மாதிரி மும்பைக்கு வெளியே வேறு ஊர் என்று நான்கு வழிகளையும் எங்கள் சந்துக்காரர்கள் செய்வதைப் பார்த்துவிட்டேன்.

வாசல் தடுப்புதான் மலிவு. இரண்டு வரிசைச் செங்கல், மேலே ஒரு கடப்பாக்கல், அரை நாள் வேலை. நாங்களும் முதலில் இதைத்தான் செய்தோம். அடுத்த மழையில் வாசல் பக்கம் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பெருமையாக வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் மோரியில் களக் களக்கென்று சத்தம். குளிக்கவும் பாத்திரம் கழுவவும் வைத்திருக்கும் அந்த மூலையில், ஓட்டை போட்ட ஜாலி மூடியைத் தூக்கிக்கொண்டு கறுப்புத் தண்ணீர் பொங்கியது. மேலே பக்கத்து வீட்டு சோப்பு நுரை வேறு.

மோரித் தண்ணீர் சந்துச் சாக்கடையான கட்டருக்கு, கட்டர் பெரிய கால்வாயான நாலாவுக்கு, நாலா மித்திக்கு. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் மித்தி மாகிம் முகத்துவாரத்தில் வடிய முடியாமல் நிற்கும். அப்போது நாலா நிரம்பினால் அதே குழாய் வழியாக வீட்டுக்குத் திரும்பிவிடும். அதனால் மோரிக் குழாயில் ஒருவழி வால்வு இல்லாமல் வாசலில் செங்கல் அடுக்குவது வீண். வால்விலும் தொல்லை உண்டு. முடியோ கேரிபேக்கோ சிக்கினால் மூடாது, அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டும். அது மூடியிருக்கும் நேரம் நம் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. குளியல் அடுத்த நாள்தான்!

தரையை ஏற்றுவதுதான் சரியான வழி என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். சந்துக்குக் கான்கிரீட் போடும் ஒவ்வொரு முறையும் சந்து உயர்கிறது. இன்று ஏற்றிய தரை சில வருஷத்தில் மறுபடி பள்ளம். நம் வீட்டில் நுழையாத தண்ணீர் எதிர்வீட்டு அக்காவிடம்தான் போய் நிற்கும், அந்த முகத்தையும் தினம் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட, குடிசைக்கு 14 அடி உயரம்தான் அனுமதி. தரையில் இரண்டடி ஏற்றினால் மாலாவில் நிமிர்ந்து உட்கார முடியாது.

மாலா என்பது பரண் மாதிரிதான், ஆனால் ஆள் படுக்கலாம். அது தண்ணீரைத் தடுக்காது. ஆனால் 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. கொட்டியது. அப்போதிருந்த பழைய வடிகால்கள் மணிக்கு 25 மி.மீ. மழைக்குக் கட்டியவை. அதற்கப்புறம் 50 மி.மீ. கணக்கில் பெரிதாக்கும் வேலை நடக்கிறது, பம்பிங் ஸ்டேஷன்களும் வந்தன. சரி, ஆனாலும் 2025 ஆகஸ்ட் 19 அன்று குர்லாவில் மித்தி 3.9 மீட்டரைத் தொட்டது, ஆற்றோரக் கிராந்தி நகர்க்காரர்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அப்படியான நாளில் இரண்டடித் தரை எம்மாத்திரம்? ரேஷன் கார்டும் பிள்ளைகளின் சர்டிபிகேட்டும் மேலே இருந்தால் போதும் என்று தோன்றும்.

பத்லாபூர் பக்கம் போய்விடலாம் என்பவர்களுக்கு ஒரே பதில்: அங்கே உல்லாஸ் ஆறு இருக்கிறது. 2019 ஜூலையில் மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் மாட்டி, ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளைப் படகில் மீட்டது அந்தப் பக்கம்தான்.

இந்த வருஷம் நாங்கள் மாலாவும் வால்வும் என்று முடிவு செய்துவிட்டோம். பிளக் பாயின்ட்டுகளைத் தோள் உயரத்துக்கு மாற்றச் சொல்லியாயிற்று. ஃபிரிட்ஜை மட்டும் மேலே ஏற்ற முடியாது, இரண்டு சிமெண்ட் பிளாக் மேல் நிற்கிறது. கதவைத் திறக்க எங்கள் அம்மா இப்போது எம்பி நிற்கிறார்.