மலையடிச் செம்மண் கொல்லையா, பாலாற்றங்கரை நிலமா? தண்ணீர் நிற்காத இரண்டு மண்ணும் நேருக்கு நேர்

வேலூர்ப் பக்கம் நிலம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ போனால், "இது தண்ணி நிக்காத மண்ணு" என்று தரகர் கட்டாயம் சொல்வார். பேரணாம்பட்டு, ஒடுகத்தூர் மலையடிக் கொல்லைக்கும் இதே பேச்சுதான், பள்ளிகொண்டா, விரிஞ்சிபுரம் ஆற்றோர நிலத்துக்கும் இதே பேச்சுதான். இரண்டு இடத்திலும் அது பெரும்பாலும் பொய்யில்லை. இரண்டுமே மணற்பாங்கான மண். அதாவது பாதிக்கு மேல் மணல், களி நூற்றுக்கு 20க்குள். ஈரமண்ணை உள்ளங்கையில் பிடித்தால் உருண்டை நிற்கும். கட்டைவிரலால் பட்டையாகத் தள்ளினால் ஒரு அங்குலம் நீள்வதற்குள் உடைந்துவிடும்.

ஆனால் இரண்டும் ஒரே மண் இல்லை. மேல்மண்ணைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாற்றம்தான். இரண்டடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் பயிரைத் தீர்மானிக்கிறது.

பிறப்பு வேறு, அடிமண் வேறு

செம்மண் அடியில் இருக்கும் பாறையே உளுத்து, பெரும்பாலும் அதே இடத்தில் உண்டானது. இரும்பு துருவேறிய சிவப்பு. ஒன்றரை அடியிலிருந்து மூன்றடிக்குள் மொரம்பு, அதாவது உளுத்த பாறைத் துண்டுகள் இறுகிய கெட்டி மண், தட்டும், சில இடத்தில் சுண்ணாம்புச் சுக்கானும் வரும். ஆற்றோர மண் வெள்ளம் கொண்டுவந்து படியவைத்தது. ஒரு வெள்ளம் பொடிமண்ணைப் போடும், அடுத்தது கரடுமணலைப் போடும். அதனால் குழி தோண்டினால் மண் பட்டை பட்டையாகத் தெரியும்.

இந்தப் பட்டைகளில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. மேலே பொடிமண்ணும் அதன் கீழே கரடுமணலும் இருந்தால் தண்ணீர் சடாரென்று இறங்கிவிடும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. பொடிமண்ணின் சிறு துளைகள் ஈரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மேல்மண் நன்றாக ஊறி நிறைந்த பிறகுதான் பெரிய துளையுள்ள மணலுக்குள் தண்ணீர் இறங்கும். இரண்டடி நல்ல மண் மேலே இருக்கும் ஆற்றோர நிலம் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் நாள் ஈரம் காப்பது இதனால்தான். மேல்மண் அரையடிதான் என்றால் இந்தப் பலன் கிடைக்காது. அந்த நிலத்தை விட்டுவிடுங்கள்.

இணையத்தில் இந்த வகை மண்ணைப் பற்றிப் படிப்பதில் பெரும்பகுதி அமெரிக்காவின் விஸ்கான்சின், மிச்சிகன், மாசசூசெட்ஸ் போன்ற இடங்களின் பனியாற்று மண்ணைப் பற்றியது. அங்கே சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்த பனியுகத்தில் பனிப்பாளங்கள் அரைத்துத் தள்ளியதும், உருகிய நீர் அடித்துவந்து பரப்பியதும்தான் மண். உருகுநீர் சலித்துப் போட்ட பனியாற்று மண்ணுக்கு நம் பாலாற்றங்கரை நெருங்கிய உறவு, இரண்டுமே தண்ணீர் தரம் பிரித்துப் படியவைத்தவை. பனிப்பாளம் அழுத்திப்போட்ட, அடியில் கெட்டித்தட்டுள்ள மண்ணின் குணத்தை, பிறப்பு வேறானாலும், நம் மொரம்புச் செம்மண்ணில் பார்க்கலாம். ஆனால் அங்குள்ள சிபாரிசை அப்படியே இங்கே போடக்கூடாது. குளிரில் இலைதழை மெதுவாக மக்குவதால் அங்கே மேல்மண் கறுத்து மக்கு நிறைந்திருக்கும். நம் வெயிலில் அது வேகமாகக் கரைந்துபோகும். இங்குள்ள செம்மண்ணில் கரிமச்சத்து பெரும்பாலும் 0.5 சதவீதத்துக்குக் கீழே. மாசசூசெட்ஸ் இருக்கும் நியூ இங்கிலாந்துப் பகுதியின் மண் புளிப்பானது, அதனால் சுண்ணாம்பு போடச் சொல்வார்கள். பாலாற்றோரத்தில் கார அமில நிலை 7.5, 8 என்று இருக்கும்போது அதைக் கேட்டுச் சுண்ணாம்பு போட்டால் இரும்பும் துத்தநாகமும் பயிருக்குக் கிடைக்காமல் இலை வெளுக்கும்.

தண்ணீர்க் கணக்கு

இதில் இரண்டு மண்ணும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு அடி ஆழ மண் பயிருக்குக் கொடுக்கக்கூடிய ஈரம் சுமார் 35 மி.மீ. அதில் பாதி தீர்வதற்குள் அடுத்த தண்ணீர் வேண்டும். பயிர் நாளைக்கு 5 மி.மீ. குடித்தால் மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை, ஏக்கருக்கு சுமார் 70,000 லிட்டர். வாரம் ஒருமுறை நிறைய விடலாம் என்று வரப்பு நிறைய 50 மி.மீ. கட்டினால் 2 லட்சம் லிட்டர் போகும். வேர் ஆழம் ஒரு அடிதான் என்றால் அந்த மண் பிடிக்காத மீதி வேருக்குக் கீழே போய்விடும், முந்தின நாள் போட்ட யூரியாவையும் கூடவே இழுத்துக்கொண்டு. ஆகவே தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று, நான்காகப் பிரித்துப் போடுங்கள். சொட்டுநீர் இருந்தால் இன்னும் சிறு பங்குகளாக விடலாம்.

மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு)

செம்மண்தான் என் தேர்வு, ஆனால் அதன் குணம் தெரிந்து வேலை செய்ய வேண்டும். விதைத்த நாலாம் நாள் மழை அடித்து, அடுத்த நாள் வெயில் காய்ந்தால் மேலே பொருக்கு கட்டும். முளை உள்ளேயே மடங்கிக் கிடக்கும். உடனே லேசாக உயிர்த்தண்ணீர் காட்டலாம், அல்லது முள்கிளையை மேலாக இழுத்துப் பொருக்கை உடைக்கலாம். நிலையான மருந்து ஏக்கருக்கு 4 டன் தொழு உரம் அல்லது 5 டன் மக்கிய தென்னை நார்க்கழிவு, விதைப்புக்கு முன்.

ஜிப்சம் ஏக்கருக்கு 160 கிலோ. பாதி அடியுரமாக, பாதி 40–45ஆம் நாள் மண் அணைக்கும்போது. மல்லாட்டைக் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தன்னைச் சுற்றிய மண்ணிலிருந்தே நேராக எடுக்கிறது, வேர் எடுத்து இலைக்கு அனுப்பியது காய்க்கு வந்து சேராது. அதனால்தான் செடி பச்சென்று இருந்தும் காய் பொக்காகிறது. மண் அணைத்த பிறகு கொத்து போடாதீர்கள், காயாக மாற மண்ணுக்குள் இறங்கிய விழுது அறுந்துவிடும்.

அறுவடையில் ஆற்றோரம் ஜெயிக்கும். அங்கே செடியைப் பிடித்து இழுத்தால் காய் மொத்தமும் கூடவே வரும். செம்மண் காய்ந்தால் இறுகிவிடும், இழுத்தால் செடி கையோடு வரும், காய் மண்ணுக்குள் தங்கும். மழை இல்லாவிட்டால் பிடுங்குவதற்கு முன் ஒரு லேசான தண்ணீர் கட்டுங்கள். ஆற்றோரத்தில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புக் குறை. யூரியா போட்டுத் தீராது, 0.5 சதவீத அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசல் தெளிக்க வேண்டும்.

காய்கறி, வாழை, தென்னை

ஆற்றோரம். ஆழமான மண், கிட்டத்தில் தண்ணீர். கத்திரிக்கு இரண்டு மண்ணும் ஒத்துக்கொள்ளும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற முள்ளு கத்திரி இந்த மாவட்டத்துக்கே சொந்தம். மணல் மிகுந்த இடத்தில் வேர்முடிச்சு நூற்புழு பெருகும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. வாடுகிற செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வேரோடு வேராக வீங்கிய, பிய்த்தாலும் தனியே வராத முடிச்சு இருந்தால் அதுதான். தக்காளி, கத்திரி என்று ஒரே இடத்தில் திருப்பித் திருப்பி வைக்காமல் நடுவே துலுக்கச் சாமந்தியோ கேழ்வரகோ போடுங்கள். நடவுக்கு முன் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு நல்லது.

மா

செம்மண். ஆனால் மொரம்பை உடைக்காமல் நட்டால் குழி தொட்டியாகிவிடும். நவம்பர் மழையில் தண்ணீர் அதில் தேங்கும், "வடிகிற மண்" என்று வாங்கிய இடத்தில் கன்று வேரழுகிச் சாகும். மூன்றடிக்கு மூன்றடி குழி, அடியில் கடப்பாரை போட்டு மொரம்பைப் பிளந்து, மேல்மண்ணும் தொழு உரமும் கலந்து நிரப்ப வேண்டும். பயிர் நிலமாக இருந்தால் உளிக்கலப்பையால் குறுக்கும் நெடுக்கும் 40 செ.மீ. ஆழத்துக்கு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை.

ஆற்றோரத்துக்கு ஒரு பெரிய நிபந்தனை

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகையில் ஏறிய உப்பு இன்னும் பல கிணறுகளில் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் வரை போய், 1996இல் தீர்ப்பு வந்த வழக்கு இது. மண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். தண்ணீரில் உள்ள உப்பைக் காட்டும் மின்கடத்து திறன் மீட்டருக்கு 0.75 டெசிசைமனுக்குள் இருந்தால் கவலை இல்லை. 2.25ஐத் தாண்டினால் காய்கறியை மறந்துவிடலாம். இடைப்பட்ட தண்ணீருக்கு இந்த மண்ணின் வடிகால் கைகொடுக்கும், ஐப்பசி மழை உப்பை வேருக்குக் கீழே கழுவி இறக்கிவிடும். அதே தண்ணீரைக் களிமண் ஏரிப்பாசனக் கழனியில் விட்டால் உப்பு தங்கிவிடும்.

முடிவெடுக்கும் முன்

நிலத்தின் மேடு, பள்ளம், நடு என்று மூன்று இடத்தில் நாலடி ஆழம் தோண்டி அடிமண்ணைப் பாருங்கள். பக்கத்தில் ஒரு அடிக் குழி எடுத்துத் தண்ணீர் ஊற்றி வடியவிட்டு, மறுபடி நிரப்பி, தண்ணீர் இறங்கும் வேகத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். மணிக்கு ஒன்று முதல் மூன்று அங்குலம் இறங்கினால் சரியான மண். நாலைத் தாண்டினால் மணல் அதிகம், ஏக்கருக்கு 10 டன் ஏரி வண்டல் அடித்தால் தேறும். வட்டாட்சியர் அனுமதியோடு ஏரியிலிருந்து எடுக்கலாம். அரை அங்குலத்துக்கும் கீழே என்றால் அடியில் தட்டு இருக்கிறது, உளிக்கலப்பைச் செலவையும் கணக்கில் சேர்த்து விலை பேசுங்கள்.

சோதனைக்கு மண் எடுக்க, எரு போடுவதற்கு முன், ஆங்கில 'வி' வடிவில் 15 செ.மீ. குழி வெட்டி, 10–15 இடத்து மண்ணைக் கலந்து அரைக் கிலோ. வரப்போரம், மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் வேண்டாம். மா வைப்பதாக இருந்தால் ஒரு அடி, இரண்டடி, மூன்றடி ஆழ மண் தனித்தனிப் பையில், ஒன்றோடொன்று கலக்காமல்.