பழைய தேக்குக் கதவுக்கு மர இழைப்புளியா, இரும்பு இழைப்புளியா?

வேலூர்ப் பக்கத்தில் பழைய ஓட்டு வீடுகளை இடிக்கும்போது தேக்கு நிலைகளும் கதவுகளும் மரவாடிக்குப் போகின்றன. தொழிலை விட்ட ஆசாரிமாரின் மர இழைப்புளிகளோ, அதாவது பலகையைச் சீவிச் சமப்படுத்தும் கைக்கருவிகளோ, பழைய இரும்புக் கடையில் வந்து விழுகின்றன. அப்படிப்பட்ட கதவை இழைத்துப் புதுப்பிக்க நினைப்பவர், அக்கடையில் கிடைக்கும் மர இழைப்புளியை எடுக்கலாமா, புதிய வார்ப்பிரும்பு இழைப்புளியை வாங்கலாமா என்று யோசிப்பது நியாயமே. மின்சார இழைப்பு இயந்திரத்தை இந்த அலசலில் சேர்க்கவில்லை. பழைய பலகைக்குள் முறிந்து நிற்கும் ஓர் ஆணியே அதன் கத்திகளைக் கெடுக்கப் போதும்.

மரத்தைச் சீவும் தகடான அலகைப் பொறுத்தவரை மர இழைப்புளிக்கே என் ஓட்டு. பழைய அலகுகள் பெரும்பாலும் தேனிரும்பு என்ற மென்மையான இரும்பின் நுனியில் எஃகுத் துண்டை வைத்து அடித்து இணைத்தவை. வெட்டும் முனையில் தடித்தும் மேலே போகப்போக மெலிந்தும் இருப்பதால், முடிச்சுள்ள மரத்திலும் அதிராமல் வெட்டுகின்றன. இழைப்புளி வடிவமைப்பாளர் லியோனார்ட் பெய்லியின் அமைப்பை 1869-இல் ஸ்டான்லி என்ற கருவி நிறுவனம் வாங்கிய பிறகு பரவிய இரும்பு இழைப்புளியின் அலகு மெல்லியது. சாணை பிடிப்பது எளிது என்றாலும், கடினமான இடத்தில் அது துடித்து, பலகையில் வரிவரியாகத் தடம் விட்டுவிடும். ஆனால் ஆழத்தைக் கூட்டவும் குறைக்கவும் அதில் ஒரு திருகைத் திருப்பினால் போதும். மர இழைப்புளியில் அலகின் தலையையும் கட்டையின் பின்புறத்தையும் சுத்தியலால் மாறிமாறித் தட்டி, அலகைப் பிடித்திருக்கும் ஆப்பை இறுக்கி, சீவி வரும் சுருளின் தடிமனைப் பார்த்துச் சரிசெய்யக் கை பழக வேண்டும்.

மரக் கட்டைக்கு உண்மையான சோதனை நம் ஊர்த் தட்பவெப்பந்தான். 40 பாகையைத் தாண்டும் கோடையில் கட்டை அகலவாட்டில் சுருங்கும். அலகு பக்கச் சுவர்களை ஒட்டி இறுக்கமாக இருந்தால் அச்சுவர்கள் வெடித்துவிடும். ஆகவே வாங்கும்போதே அலகின் இருபுறமும் மெல்லிய இடைவெளி உள்ளதா என்று பார்க்க வேண்டும். அடிப்பாகம் கோணினால் இழைத்துச் சமப்படுத்தலாம். ஆனால் அலகைச் செருகும் துவாரம் மேல்நோக்கி அகன்றிருப்பதால், அடிப்பாகத்தை ஒவ்வொரு முறை இழைக்கும்போதும் வாய், அதாவது அலகின் முனை வெளியே நீட்டும் அடித்திறப்பு, பெரிதாகும். வாய் பெரிதானால், வேங்கை போன்று நார் மாறிமாறி ஓடும் மரத்தில், வெட்டுப்படுவதற்கு முன்பே நார் பெயர்ந்துவிடும். வாய்க்கு முன்னால் கடினமான மரத்துண்டைப் பதித்து இதைச் சரிசெய்யலாம். இரும்புக்கு இந்தத் தொல்லை இல்லை. மழைக்காலத் துருவும், சிமெண்டுத் தரையில் விழுந்தால் உடைவதுமே அதன் பலவீனங்கள். அடிப்பாகத்தில் மெழுகுவத்தியைத் தேய்க்காவிட்டால் அது பலகையில் இழுபடும். மரமோ தானாக வழுக்கிச் செல்லும்.

எனவே அகலமான பலகைகளைத் தொடர்ந்து இழைக்க, வாய் குறுகிய நீள மர இழைப்புளியே மேல். நிலையில் கதவு உராயும் இடத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைப்பதற்கு இரும்பு.

பழைய சட்டங்களின் விளிம்பு வளைவை அதே வடிவில் மீண்டும் எடுக்க வேண்டுமானால், சமதளமான இரும்பு இழைப்புளியால் பயனில்லை. அதற்கென்றே வளைவு செதுக்கிய மர இழைப்புளி வேண்டும். அதை வாங்கும்போது அலகின் வளைவும் அடிப்பாகத்தின் வளைவும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். வேறொரு கட்டையின் அலகைச் செருகி விற்பதும் உண்டு.