மாதிரி ரயில் பெட்டிக்கு எடை ஏற்ற வெளியே கொடுக்கிறீர்களா? என் நான்கு பெட்டிகளுக்கு நேர்ந்தது

வீட்டில் மாதிரி ரயில் செய்கிறவர்கள், முக்கியமாகப் பாதி வேலையை வெளியே கொடுக்கிறவர்கள், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்திலிருந்து 2011 ஜூன் 30 அன்று கடைசி ரயில் கிளம்பியபோது அப்பாவோடு போய் நின்றேன். அவர் முதன்முதலாகக் கோலாலம்பூர் போனது அங்கிருந்து கிளம்பும் ரயிலில்தான். அவருக்காகத்தான் அந்தப் பெட்டிகளை 1:87 அளவில், பிளாஸ்டிக் தகடு வெட்டி, நானே கட்ட ஆரம்பித்தேன். மீட்டர் அகலப் பாதையை 87 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 11.5 மில்லிமீட்டர், அதனால் 12 மில்லிமீட்டர் தண்டவாளம். நான்கு பெட்டிக்கு ஒன்றரை வருடம் ஆனது. ஜன்னல் சட்டம் ஒவ்வொன்றும் கையால் வெட்டியது.

வர்ணம் அடிப்பதையும் எடை ஏற்றுவதையும் மட்டும் வெளியே கொடுத்தேன். எங்களுடையது மூவறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, கைக்குழந்தை இருக்கிறது, ஸ்பிரே வாசத்துக்கு வழியில்லை. எடை இல்லாமலும் முடியாது, வெறும் பிளாஸ்டிக் பெட்டி வளைவில் கவிழ்ந்துவிடும். அமெரிக்க மாதிரி ரயில் சங்கத்தின் கணக்குப்படி 9 அங்குலப் பெட்டிக்கு 5.5 அவுன்ஸ், சுமார் 155 கிராம் வேண்டும்.

விற்பனைச் செயலியில் ஒருவர் கிடைத்தார். "அண்ணே, ஈயமெல்லாம் போடமாட்டேன், இரும்புத் தகடுதான், கவலையே படாதீங்க" என்று எழுதினார். 480 வெள்ளி. முழுப் பணத்தையும் முன்னாலேயே பேநவ்வில் (கைப்பேசி எண்ணுக்கே பணம் அனுப்பும் வசதி) அனுப்பினேன், அது என் தப்பு. ஒரு மாதம் என்றவர் மூன்று மாதம் கழித்து ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் வைத்துக் கொடுத்தார். வர்ணம் நன்றாகவே இருந்தது. ஜன்னல்களில் மட்டும் பனி படிந்த மாதிரி வெள்ளை. தூசி, துடைத்தால் போய்விடும் என்றார். போகவில்லை, அது சூப்பர் குளூவின் ஆவி படிந்த கறை. அடித்தளத்தை ஒட்டி மூடிவிட்டிருந்ததால் உள்ளே பார்க்கவும் முடியவில்லை.

பத்து மாதம் கழித்து ஒரு பெட்டி ஒரே வளைவில் திரும்பத் திரும்பத் தடம் புரண்டது. கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்தால் ஆடுகிறது. அடித்தளம் வயிறு மாதிரி உப்பி, பக்கச் சுவர் ஒட்டிய இடத்தில் முடி அகலத்துக்குப் பிளவு. அறுத்துத் திறந்தேன். உள்ளே ஈயக் குண்டுகள், வெள்ளைக் கோந்தில் குழைத்து ஊற்றியது, மேலெல்லாம் வெள்ளைப் பொடி. கோந்திலிருந்து வரும் அமிலமும் காற்றின் ஈரமும் சேர்ந்து ஈயத்தை அரிக்கும், அரித்த ஈயம் முன்பைவிட அதிக இடம் பிடித்து எல்லாவற்றையும் நெட்டித் தள்ளும். நம்மூர் ஈரத்துக்குச் சொல்லவே வேண்டாம். நான்கிலும் அதே கதை. அந்தப் பொடி விஷம், என் பிள்ளை தவழ்கிற தரையில் அந்தப் பெட்டியை வைத்து ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

கேட்டதற்கு, "உங்க வீட்டு ஈரம்ணே" என்றார். அப்புறம் பதிலே இல்லை, செயலியில் அவர் கணக்கும் காணோம். 20,000 வெள்ளி வரையிலான வழக்கை இரண்டு வருடத்துக்குள் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றத்துக்குக் கொண்டு போகலாம், என்னைப் போன்ற தனியாளுக்கு 5,000 வெள்ளி வரை கட்டணம் 10 வெள்ளிதான். ஆனால் எதிராளியின் முகவரி வேண்டுமே, என்னிடம் இருப்பது ஒரு கைப்பேசி எண்.

அதனால் பெயரும் முகவரியும் வாங்காமல் பெட்டியைக் கையில் கொடுக்காதீர்கள். முதலில் ஒரே ஒரு பெட்டி கொடுங்கள், அதற்கு மட்டும் பணம். அடித்தளத்தை ஒட்டாமல் திருகாணி போட்டுத் தரச் சொல்லுங்கள். வாங்கும்போது கையில் ஒரு காந்தம் இருக்கட்டும், இரும்பு என்றால் இழுக்கும், ஈயம் இழுக்காது. ஏற்கெனவே யாரிடமாவது எடை ஏற்றி வாங்கியிருந்தால் இன்றே அடித்தளத்தை விரலால் தடவிப் பாருங்கள். உப்பியிருந்தால் கையுறை போட்டு, பிள்ளைகள் இல்லாத இடத்தில் திறந்து பாருங்கள்.

என் நான்கில் இரண்டைத்தான் காப்பாற்ற முடியும் போலிருக்கிறது.