கிரிட் எஞ்சினா, ஸ்லர்மா: எங்கள் க்ளஸ்டருக்குச் சரிப்பட்டது எது?

நாகர்கோவில் பக்கம் எங்கள் கல்லூரி க்ளஸ்டரில் (சேர்த்து இணைத்த கணினிக் கூட்டம்) பழைய இலவச கிரிட் எஞ்சினைக் கழற்றிவிட்டு ஸ்லர்முக்கு மாறிவிட்டோம். இரண்டுமே பலர் அனுப்பும் வேலைகளை (ஜாப்) வரிசைப்படுத்தி க்ளஸ்டரில் ஓட விடும் மென்பொருள்கள். ஜாப் அனுப்புவது, வரிசை பார்ப்பது, ரத்து செய்வது எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எங்களை மாற வைத்தது மெமரிக் கணக்கு.

கிரிட் எஞ்சினில் வழக்கமாகப் போடும் எச்-விமெம் (h_vmem) என்னும் மெமரி வரம்பு, ஜாப் நிஜமாகத் தொடும் ராமைப் பார்ப்பதில்லை; ஒதுக்கி வைத்திருக்கும் விர்ச்சுவல் மெமரியைப் பார்க்கும். மட்டி வாழை மரபணுவை ஆராயும் பிள்ளைகள் ஜாவா கருவிகளைத்தான் அதிகம் ஓட்டுவார்கள். நாம் அளவு சொல்லாவிட்டால், இயந்திரத்தின் ராமில் கால் பங்கு வரை ஜாவா தன் ஹீப்புக்கென்று (தரவு வைக்கும் மெமரிப் பகுதி) பிடித்து வைக்கும். 128 ஜிபி நோடில் (க்ளஸ்டரின் ஒரு கணினி) அது 32 ஜிபி. தேவை 3 ஜிபிதான் என்றாலும், 8 ஜிபி வரம்பு போட்டால் ஜாப் எழும்பவே எழும்பாது. எக்ஸ்எம்எக்ஸ் (-Xmx) என்ற ஜாவா அமைப்பைப் போட்டு ஹீப்பை அடக்கலாம். அப்போதும் த்ரெட், நூலகம் என்று மேலே இடம் கேட்கும். யார் இதையெல்லாம் கணக்குப் பார்ப்பார்கள்? எல்லாரும் 40 ஜிபி கேட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கல்யாண மண்டபத்தையே புக் செய்த கதை. ராம் சும்மா கிடக்க, வரிசை நீண்டது.

ஸ்லர்ம், லினக்ஸ் கர்னலின் சிகுரூப் (ஒவ்வொரு ஜாபுக்கும் வளத்தை வரையறுக்கும் வசதி) வழியாக நிஜ ராமையே கட்டுப்படுத்துகிறது. தாண்டினால் கர்னல் கொன்றுவிடும், காரணமும் பதிவாகும். முடிந்த ஜாப் எவ்வளவு தின்றது என்று பார்த்து, அடுத்த தடவை கொஞ்சம் கூட்டிக் கேட்டால் போதும். (இயல்பாக 30 நொடிக்கு ஒருமுறைதான் அளவெடுக்கும், திடீர் உச்சம் தப்பலாம்.) ஆனால் இது தானாக வராது. மெமரியையும் பங்கிடும் வளமாக எண்ணும் சிஆர்-கோர்-மெமரி அமைப்பு, சிகுரூப் கோப்பில் ராம் கட்டுப்பாடு, ஒரு சிபியுவுக்கு இயல்பு மெமரி என மூன்றும் இருக்கும்படி நிர்வாகி பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியை விட்டால், மெமரி குறிப்பிடாத ஜாப் நோடின் மொத்த மெமரியையும் எடுத்துக்கொள்ளும்.

முன்னுரிமையில் பெரிய வித்தியாசமில்லை. இரண்டிலும் ஃபேர்ஷேர் (அதிகம் பயன்படுத்தியவருக்கு முன்னுரிமை குறையும் முறை) உண்டு. ஸ்லர்மில் பழைய பயன்பாடு இயல்பாக 7 நாளில் பாதியாகக் கரையும். முன்னுரிமைக் கணக்கில் ஃபேர்ஷேருக்கான எடை மட்டும் 0 என்றே வருவதால் மாற்றிக்கொள்ள வேண்டும்.

கிரிட் எஞ்சினின் வணிக வெளியீடுகளிலும் சிகுரூப் உண்டு, ஆனால் அதில் வேலை செய்த பழக்கம் எனக்கில்லை. எச்டிகாண்டர் என்னும் இன்னொரு ஜாப் மென்பொருளை லேப் டெஸ்க்டாப்புகளில் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்ததோடு சரி. இரவில் சும்மா நிற்கும் கணினிகளுக்கு அது நன்றாகவே பட்டது. அப்புறம், ஏற்கெனவே கிரிட் எஞ்சின் வைத்து ஜாவா போல முன்கூட்டியே மெமரி பிடிக்காத சி, ஃபோர்ட்ரான் நிரல்களை மட்டும் ஓட்டுகிறவர்கள் அவசரப்பட்டு மாற வேண்டியதில்லை.