இடது மூலையில் ஒரு பச்சைப் புள்ளி

பர்மா பஜாரை ஒட்டிய சந்துக் கடையொன்றில் 20 அங்குலப் பழைய எல்சிடி மானிட்டரை 2,800 ரூபாய்க்கு வாங்கி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்தபடி தண்டையார்பேட்டைக்குக் கொண்டுவந்தேன். அகலத்திரை அல்ல, 1600க்கு 1200 புள்ளிகள். நான் தேடியதே அதுதான். டாஸ் என்ற பழைய இயக்குதளக் காலத்துக் கணினி விளையாட்டுகள் பெரும்பாலும் 320க்கு 200 புள்ளிகளில் வரையப்பட்டவை. அவற்றை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் அகலத்தை 5 மடங்கும் உயரத்தை 6 மடங்கும் பெருக்கினால் திரை மிச்சமில்லாமல் நிரம்புகிறது, கலங்கலே இல்லை. மலிவான 1280க்கு 1024 திரையில் முழுதாக விரித்தால் விளையாட்டின் வீரன் சற்று நெட்டையாகிவிடுவான்.

அந்த விளையாட்டுகளில் விஜிஏ என்ற பழைய திரைமுறை நொடிக்கு 70 முறை படத்தைப் புதுப்பிக்கும், இந்த மானிட்டர் 60தான். வீரன் பக்கவாட்டில் ஓடும்போது படம் லேசாகத் தடுக்குகிறது. “ஒரு புள்ளிகூடப் போகவில்லை தம்பி” என்றார் கடைக்காரர். இருட்டுக் காட்சி வந்ததும் இடது மூலையில் பச்சையாக ஒன்று அணையாமல் நிற்கிறது. திருப்பிக் கொடுக்கப் போவதில்லை.