கிளிநொச்சியில் ஆறு சனிக்கிழமை அமெரிக்க அரசியல் யாப்பு வகுப்பு: போகலாமா?

3,000 ரூபாய், ஆறு சனிக்கிழமை, பின்னேரம் 2 மணியிலிருந்து 4.30 வரை. ஏ9 வீதியோரம் ஒரு தனியார் கல்வி நிலையத்தின் மேல்மாடி. பெயர் போடவில்லை, கீழே குறையும் சொல்லப் போகிறேன்.

உயர்தரத்தில் அரசறிவியல் எடுக்கிற அக்காவின் மகளைக் கொண்டுபோய் விடத்தான் பரந்தனிலிருந்து போனேன். முதல் நாள் நல்ல மழை, திரும்பி வர வழியில்லாமல் பின் வாங்கில் இருந்துவிட்டேன். அடுத்த கிழமை நானும் காசு கட்டிச் சேர்ந்தேன். மருமகளுக்குத்தான் வெட்கம்.

சேர் முதல் நாள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. பத்து ஊர்க் கமக்காரர் அமைப்புகள் சேர்ந்து குளத்துத் தண்ணியைப் பங்கிட ஒரு சபை வைக்கின்றன என்று வையுங்கள், ஊருக்கு ஒரு வாக்கா, குடும்பக் கணக்குப்படி வாக்கா என்று கேட்டார். இரணைமடுக் குளத்துத் தண்ணியில் வளர்ந்த பிள்ளைகளிடம் இதைக் கேட்டால் சும்மா இருப்பார்களா? வலதுகரைப் பொடியன் ஒன்று சொல்ல இடதுகரைப் பிள்ளை எழும்பி மறுக்க, அரைமணித்தியாலம் ஒரே சத்தம். எல்லாரும் களைத்த பிறகுதான் சொன்னார், 1787இல் அமெரிக்க யாப்பை எழுதுவதற்காகப் பிலடெல்பியாவில் கூடியவர்களும் இதைத்தான் கிழமைக்கணக்கில் அடிபட்டார்கள் என்று. பெரிய மாநிலங்கள் தலைக்கணக்குக் கேட்டன, சின்ன மாநிலங்கள் சமபங்கு கேட்டன, கடைசியில் இரண்டையுமே வைத்துக்கொண்டார்கள். பிரதிநிதிகள் சபை சனத்தொகைப்படி, இன்றைக்கு 435 பேர். செனட்டில் மாநிலத்துக்கு இரண்டு பேர். கலிபோர்னியாவில் ஏறக்குறைய 4 கோடி சனம், வயோமிங்கில் 6 இலட்சம்கூட இல்லை, இரண்டுக்கும் அதே இரண்டுதான். இது நியாயமா என்று மருமகள் வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

மூன்றாம் கிழமை வலுவேறாக்கம், அதாவது சட்டம் போடுவது, ஆளுவது, நீதி சொல்வது மூன்றையும் ஒரே கையில் விடாமல் பிரித்து வைப்பது. எனக்குக் காசு செமித்தது அன்றைக்குத்தான். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவர் நல்ல மனிசன் என்று ஊருக்கே தெரியும், பிறகேன் செக்கில் பொருளாளர் கையெழுத்தையும் வங்கி கேட்கிறது என்றார். யாப்பை எழுதியவர்கள் யாரையும் நம்பவில்லை, தங்களையும் சேர்த்துத்தான். அந்த இரண்டு சபையும் சேர்ந்த காங்கிரஸ் சட்டம் போடும், ஜனாதிபதி வேண்டாமென்று திருப்பலாம், இரண்டு சபையிலும் மூன்றிலிரண்டு சேர்ந்தால் அந்த வேண்டாமும் செல்லாது. நீதிபதியை ஜனாதிபதி நியமித்தாலும் செனட் சம்மதிக்க வேண்டும். ஜனாதிபதி மேல் பிரதிநிதிகள் சபை குற்றப்பிரேரணை கொண்டுவரலாம், செனட் விசாரித்து மூன்றிலிரண்டால் நீக்கலாம். 1868இல் ஆண்ட்ரூ ஜோன்சன் ஒரே ஒரு வாக்கில் தப்பினார், இன்றுவரை ஒரு ஜனாதிபதியும் அந்த வழியில் நீக்கப்படவில்லை. உடனே முன் வாங்கில் ஒரு பொடியன், "சேர், பொருளாளர் தலைவருடைய மச்சான் என்றால்?" வகுப்பே சிரித்தது. சேரும் சிரித்துவிட்டு, அரசியல் கட்சிகளைப் பற்றி அந்த யாப்பில் ஒரு வரிகூட இல்லை, ஜனாதிபதியும் காங்கிரசும் ஒரே கட்சியென்றால் யார் யாரைத் தடுப்பது, அதுதான் மச்சான் பிரச்சினை என்றார். பரீட்சைக்கு வருமோ தெரியாது, எனக்கு மறக்காது.

நீதிப் புனராய்வும் நன்றாகப் போனது. காங்கிரஸ் போட்ட சட்டம் யாப்புக்கு மாறானது என்றால் செல்லாது என்று நீதிமன்றம் சொல்கிற அதிகாரம் யாப்பில் நேரடியாக எழுதப்படவில்லை, 1803இல் மார்பரி எதிர் மடிசன் வழக்கில் நீதிமன்றமே எடுத்துக்கொண்டது. நம்முடைய 1978 யாப்பில் சட்டமூலமாக இருக்கும்போது மட்டும்தான் நீதிமன்றத்துக்குப் போகலாம், நிறைவேறிச் சான்றுப்படுத்திவிட்டால் கதை முடிந்தது. இதை அவர் ஒப்பிட்டுச் சொன்னபோது வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை.

சரி, குறைகள். அடிமைமுறையை ஐந்து நிமிடத்தில் கடந்துவிட்டார். சுதந்திரம் பேசிய அந்த ஆட்களில் வொஷிங்டனும் மடிசனும் அடிமைகளை வைத்திருந்தவர்கள், அடிமை என்ற சொல்லை எழுதாமலே அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணிப் பிரதிநிதித்துவம் எடுத்தவர்கள். குளத்துத் தண்ணிக்கு அரைமணித்தியாலம் கொடுத்தவர் இதற்கு ஒரு மணித்தியாலமாவது கொடுத்திருக்க வேண்டாமா? அவசரத்தில் "13ஆம் திருத்தம்" என்று தொடங்கினார் பாருங்கள், எங்களுக்குக் காது விறைத்துக்கொண்டது, நம்முடைய யாப்பின் 13ஆம் திருத்தம் என்று நினைத்து மாகாண சபை, காணி, பொலிஸ் என்று பின்னாலிருந்த ஐயா ஒருவர் கை தூக்கிவிட்டார். சேர் சொன்னது 1865இல் அடிமைமுறையை ஒழித்த 13ஆம் திருத்தம். சிரிப்பு அடங்க மணி அடித்துவிட்டது.

ரியூட், அதுதான் வகுப்பில் தருகிற அச்சுக் குறிப்பு, மோசம். போட்டோக் கொப்பி மங்கல், அதைவிட மோசம் சொற்கள்: பெடரல் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு பக்கத்தில் சமஷ்டி, அடுத்ததில் கூட்டாட்சி, மூன்றாவதில் அதே சொல்லுக்கு "மத்திய". இங்கே சமஷ்டிக்கும் மத்திக்கும் எவ்வளவு தூரமென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், இப்படிக் குழப்பலாமா? ஃபான் ஒன்றே ஒன்று, அதுவும் சேரைப் பார்த்தபடி. ஆறாவது கிழமை கடந்தகால வினாத்தாளோடு முடிந்தது, நான் இடையில் எழும்பித் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன்.

பரீட்சைப் புள்ளிக்கு மட்டும் என்றால் பள்ளிக்கூடக் கொப்பியே போதும், 3,000 அதிகம். ஏன் இப்படி எழுதினார்கள் என்று யோசிக்கிற பிள்ளை என்றால் தாராளமாக அனுப்பலாம், பெரியவர்களும் போகலாம், ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். மாரியில் போகிறவர்கள் பின் வாங்கின் ஜன்னல் மூலையில் இருக்காதீர்கள், கூரை ஒழுகும்.